பாதியில் நின்ற ஏழாவது பாட்டு

நான் ஜேர்மனியில், வுப்பர்டாலில் நகரப் பேருந்து ஓட்டுகிறேன். ஒரு நிமிடம் பிந்தினால் தரிப்பிடத்தில் நிற்பவர்கள் கைக்கடிகாரத்தைத் தூக்கிக் காட்டுவார்கள். ஒரு நிமிடம் முந்திப் புறப்பட்டால் நிர்வாகத்துக்கு முறைப்பாடு எழுதுவார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. இப்படி மணிக்கூட்டுக்கு அடிமைப்பட்டவன் வீட்டிலாவது ஓய்ந்து இருப்பான் என்று நினைப்பீர்கள். என்னால் ஏலாது. சோபாவில் பத்து நிமிடம் இருந்தால் எழுந்து சமையலறைக்குப் போவேன், ஒன்றும் எடுக்காமல் திரும்பி வருவேன், பல்கனிக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவேன். "காலில சுடுதண்ணி ஊத்தின மாதிரி ஏன் திரியிறியள், ஒரு இடத்தில இருங்கோவன்" என்பாள் மனைவி. அவளுக்குக் காரணம் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்பாள்.

காரணம் ஒரு பாட்டு. முப்பது வருடங்களுக்கு மேலாக முடியாமல் கிடந்த பாட்டு.

போன மாசியில் கொலோனில் ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்தேன். எல்லோரும் பெட்டியைச் சுற்றி நின்றபோது யாரோ கைபேசியை ஒலிபெருக்கியில் பொருத்தி, எங்கள் குழு அந்தக் காலத்தில் செய்த அந்தப் பாட்டைப் போட்டார்கள். பனியில் பேருந்துத் தரிப்பிடத்தில் ஒருவன் நிற்கிறான். எந்த வண்டி எங்கே போகும் என்று வாசிக்கத் தெரியாது. ஒன்று வருகிறது, அவனை ஏற்றாமல் போகிறது. இன்னொன்று வருகிறது, அதுவும் போகிறது. எந்த வண்டியும் எனக்கில்லை என்று பாடகன் இழுக்கிறான். அத்தோடு பாட்டு வெட்டினாற்போல் நிற்கிறது. மண்டபம் முழுக்க மூக்குச் சீறும் சத்தம். பக்கத்தில் நின்ற மனிதர், நான் யாரென்று தெரியாமல், "எங்கட கஷ்டத்தை என்ன மாதிரிப் பாடி வைச்சிருக்கிறாங்கள், பாருங்கோ" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தவீட்டில் சண்டை பிடிக்கக் கூடாது என்று வெளியே போய் வாகனத் தரிப்பிடத்தைச் சுற்றி நடந்தேன்.

ஏனென்றால் அது ஒப்பாரி இல்லை. கேலிப்பாட்டு. அந்த வெட்டுக்குப் பிறகு அதற்கு இன்னொரு பாதி இருக்கிறது. பாட்டு அங்கே வேகம் பிடிக்கும். தரிப்பிடத்தில் நின்றவன், நீ என்ன என்னை ஏற்றாமல் விடுவது, நான் நடந்தே போகிறேன், நீ ஏற்றத்தில் சறுக்கி நிற்கும்போது உனக்கு முன்னால் போவேன் என்று பேருந்தை நக்கலடித்துக்கொண்டு நடக்கத் தொடங்குவான். கடைசியில் முந்தியும் விடுவான். இதைக் கேட்டவர்கள் உலகத்திலேயே மூன்று பேர்தான். மூன்று பேரும் அதை வாசித்தவர்கள்.

எங்கள் குழு மூன்று பேருடையது. அகதிகளை வைத்திருந்த விடுதியில், ஹைம் என்போம், ஒரே அறையில் கட்டில்மேல் கட்டிலாகக் கிடந்தவர்கள். ஒருவன் யாழ்ப்பாணத்தில் கோயில் பாடகர் குழுவில் கிற்றார் பழகின கத்தோலிக்கப் பெடியன். அவன் பாடகன் ஆனான். இன்னொருவன் கையில் எது கிடைத்தாலும், சோற்றுப் பானை மூடி உட்பட, தட்டுபவன், அவனுக்கு ட்ரம்ஸ். நான் பேஸ் கிற்றார் எடுத்தேன். நாலே நாலு நரம்புதானே, சமாளிக்கலாம் என்ற துணிவுதான்.

விடுதிக்குப் பக்கத்தில் இளையோர் நிலையம் ஒன்று இருந்தது. அதன் நிலவறையில் ஒரு பழைய ட்ரம்ஸும் ஒலிபெருக்கிகளும் ஒலிப்பதிவு இயந்திரமும் கிடந்தன. அதைப் பார்த்துக்கொண்ட நீளமுடி ஜேர்மன்காரருக்கு எங்களை விடப் பத்து வயது கூட இருக்கும். அவர் தன் பள்ளிக்காலத்து ரொக் குழு ஒன்றின் இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். இடையில் எழும்பக் கூடாது, கதைக்கக் கூடாது, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கேட்கவேண்டும் என்பது அவருடைய சட்டம். சினிமாப் பாட்டில் வளர்ந்த எங்களுக்கு இது புதிது. எங்களுக்குப் பாட்டு என்றால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு படம். இங்கே ஒன்று முடிகிற இடத்தில் மற்றது பிடிக்கிறது, எல்லாம் சேர்ந்து கடைசிப் பாட்டை நோக்கிப் போகிறது. தட்டு முடிந்தபோது ட்ரம்ஸ்காரன், "மச்சான், கடைசிப் பாட்டை எடுத்தால் இதில மிச்சம் ஒண்டுமில்லை" என்றான். எங்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று அந்த இடத்திலேயே தீர்மானித்தோம்.

ஒரு குளிர்காலம் முழுக்க அந்த நிலவறையில் கிடந்து ஏழு பாட்டுச் செய்தோம். விமானத்தில் வந்து இறங்குவதில் தொடங்கி, அலுவலக நடைபாதையில் காத்திருந்து, ஒரே அடுப்புக்கு மூன்று பேர் சண்டை பிடித்து, ஏழாவதில் அந்தப் பேருந்துத் தரிப்பிடம். ஆறு பாட்டும் புலம்பல்தான், உள்ளதைச் சொன்னால் என்ன. அந்தப் புலம்பலையெல்லாம் ஏழாவதின் இரண்டாம் பாதி தூக்கி எறிந்துவிட்டு நடக்கும். அதற்காகத்தான் மற்ற ஆறும்.

கொலோனில் தமிழ்க்கடை வைத்திருந்த ஒரு அண்ணை கசெட்டில் பிரதி எடுத்து விற்கிறேன் என்றார். வெண்டிக்காய்ப் பெட்டி இறக்கிக்கொண்டே பொத்தானை அமுக்கியிருக்கிறார். அவர் வாங்கி வைத்திருந்த கசெட்டின் நீளம் எங்கள் இரண்டாம் பக்கத்துக்குக் காணவில்லை. நாடா முடிந்த இடத்தில் பாட்டும் முடிந்தது. அவருடைய பிரதியிலிருந்து பாரிஸ் கடைக்காரர் பிரதி எடுத்தார், அதிலிருந்து லண்டன், சூரிச், தொரொண்டோ. பிறகு இணையம் வந்தது. யாரோ புண்ணியவான் அந்த அறுந்த கசெட்டையே ஏற்றிவிட்டான். கசெட் வெளிவந்த காலத்திலேயே, விசயம் தெரிந்த அன்றே, நாங்கள் கடைக்குப் போய்க் கேட்டோம். "சனம் அழுதழுதெல்லோ வாங்குது. அப்பிடியே விடுங்கோ தம்பியவை" என்றார் அண்ணை. மூலநாடாவைத் தேடிப் போனால், அது நிலையத்தின் சொத்து. எங்களுக்குப் பிறகு வந்த பெடியங்கள் அதன் மேலேயே தங்கள் பாட்டைப் பதிந்திருந்தார்கள். பாதிக் கிணறு தாண்டியவன் கதைதான்.

சரி, மேடையில் முழுதாக வாசித்தால் சனத்துக்குத் தெரிந்துவிடும் என்று நம்பினோம். கொலோனில் ஒரு கலைவிழாவில் இடம் கிடைத்தது. ஆறு மணிக்குத் தொடங்கும் என்று போட்ட விழா எட்டுக்குத் தொடங்கியது. விளக்கேற்றி, வரவேற்புரை ஆற்றி, தலைமையுரை ஆற்றி, தலைமையுரைக்கு நன்றியுரை ஆற்றி, எங்களைக் கூப்பிடும்போது ஒன்பதரை. ஐந்தாவது பாட்டில் மின்சாரம் போனது. பத்து மணி. மண்டபப் பொறுப்பாளர், ஹவுஸ்மைஸ்டர், மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் திறப்புக் கோர்வையோடு வாசலில் நின்றார். அந்த மனிதரில் எனக்குக் கோபம் இல்லை. அவர் சொன்ன நேரத்துக்குச் சொன்னதைச் செய்தார். தலைமையுரை மேல்தான் இன்று வரைக்கும் கோபம்.

அதற்குப் பிறகு நாங்கள் சேர்ந்து வாசிக்கவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. சண்டை இருந்திருந்தால் கதை சொல்ல வசதியாக இருந்திருக்கும். பாடகனுக்குப் பான் நகரத்தில் அவுஸ்பில்டுங், தொழிற்பயிற்சி, கிடைத்தது. ஆய்வுகூடத்தில் வேலை, அங்கேயே கலியாணம், ஞாயிறுகளில் கோயில் பாடகர் குழு. ட்ரம்ஸ்காரன் இங்கே ஒரு பாண் தொழிற்சாலையில் மாவு மூட்டை தூக்கினான். நான் பேருந்தில் ஏறினேன். பிள்ளைகள், வீட்டுக்கடன், அவ்வளவுதான்.

செத்தவீட்டிலிருந்து திரும்பிய கிழமையே ட்ரம்ஸ்காரன் வீட்டுக்குப் போய்க் கத்தினேன். ஒப்பாரி வைக்கிறாங்களடா, எங்கள் நக்கலுக்கு ஒப்பாரி வைக்கிறாங்களடா என்று. அவன் கேட்டுக்கொண்டு இருந்தான். பிறகு வலது கையைப் பக்கவாட்டில் தூக்கிக் காட்டினான். தோளுக்கு மேலே போகவில்லை.

"மூட்டு தேஞ்சு போச்சுது. ஐப்பசியில டெர்மின் தந்திருக்கிறாங்கள், ஒப்பரேசன் செய்து மாத்திறதுக்கு. அதுக்குப் பிறகு ட்ரம்ஸை மறந்துவிடு எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்."

"இப்ப அடிக்க ஏலுமோ?"

"ஊசி போட்டால் ஏலும். ஏழு பாட்டுக்குக் காணும். எட்டாவதுக்குக் காணாது."

அப்போதே பானுக்குத் தொலைபேசி எடுத்தேன். பாடகன் தோள் விசயத்தை விசாரித்தான். பிறகு, "ஏழாவதை முழுசாய் பாடுறதெண்டால் வாறன். இன்னொருக்கால் பாதியில விடுறதெண்டால் என்னைக் கூப்பிடாதை" என்றான். ஒலிப்பதிவு மட்டும் செய்துவிடலாமே என்று என் மகள் சொன்னாள். பதிவு யாருக்கு வேண்டும். மூன்று பேர் ஒரு அறைக்குள் பூட்டிக்கொண்டு வாசிப்பதை ஏற்கெனவே செய்துவிட்டோம். எனக்கு வேண்டியது ஒன்றுதான், அழுத சனம் எதிரே இருக்க அந்த இரண்டாம் பாதி ஒரு தடவை ஒலிக்கவேண்டும். அதுவும் எங்கள் ட்ரம்ஸ்காரனின் அடியோடு. ஐப்பசிக்கு முன்.

வுப்பர்டாலில் ஒரு சிறிய தேவாலய மண்டபம் எடுத்தோம். ஒப்பந்தத்தில் இரவு பத்துக்குச் சத்தம் நிற்கவேண்டும் என்று இருந்தது. அதை வாசித்ததும் மூவருக்கும் ஒரே ஞாபகம்தான். எங்கள் சனத்தை நான் அறிவேன். ஏழு என்றால் ஒன்பதுக்கு வரும். ஆகவே நுழைவுச்சீட்டில் மாலை ஐந்து மணி, ஜேர்மன் முறையில் பதினேழு மணி, என்று அடித்தோம். ஐந்து என்றால் ஏழுக்கு வருவார்கள், ஏழேகாலுக்குத் தொடங்கினால் ஒன்பதுக்குள் ஏழாவது பாட்டு முடிந்துவிடும். கலியாணவீட்டுக்காரர் எல்லோரும் செய்வதுதான். மணமேடைக்கு ஒரு நேரம், அழைப்பிதழுக்கு ஒரு நேரம். இந்தக் கணக்கில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

நிகழ்ச்சி நாளான சனிக்கிழமை ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நான் மேடையில் வயர் ஒட்டிக்கொண்டு நின்றேன். ஒலியமைப்புக்கு வந்திருந்த ஜேர்மன் பெடியன் மட்டும் கூட. கதவு திறந்தது. இளம் ஆட்கள் ஐந்து பேர். அவர்களுக்குப் பின்னால் பத்துப் பேர். பின்னால் இன்னும். கறுப்புச் சட்டை, கைக்குழந்தை, தமிழ் தெரியாத சிநேகிதர்கள். ஐந்து அடிக்கும்போது மண்டபத்தில் பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது. யாருடைய பிள்ளைகள் என்று முகத்திலேயே தெரிந்தது. அப்பாவின் மூக்கு, அம்மாவின் நெற்றி. ஆனால் இந்த நாட்டில் பிறந்து இந்த நாட்டில் பள்ளிக்கூடம் போனதுகள். சீட்டில் ஐந்து என்றால் அவர்களுக்கு ஐந்துதான். இந்த நாட்டில் முப்பது வருடம் பேருந்து ஓட்டியும் இதை நான் யோசிக்கவில்லை.

முன்வரிசையில் இருந்த ஒரு பெண்பிள்ளை கேட்டாள். "மாமா, பதினேழு மணி எண்டுதானே போட்டிருக்கு. எப்ப தொடங்குவியள்?"

"இப்ப, இப்ப" என்றேன். பாடகன் ஆறு மணிக்கு வருவதாகத்தான் திட்டம். எடுத்துக் கேட்டால், கொலோனுக்கு இந்தப் பக்கம் ரயில் நின்றுவிட்டதாம். "ஏன் நிக்குது எண்டு ஒருத்தரும் சொல்லுறாங்களில்லை மச்சான். எனக்கு இறங்கவும் ஏலாது." தமிழ்ச்சனம் நேரத்துக்கு வந்து ஜேர்மன் ரயில் பிந்துகிற நாளும் வந்ததே என்று சிரிப்பு வரவேண்டும். வரவில்லை. மேடைக்கும் வாசலுக்குமாக நடந்தேன்.

ஐந்தரைக்கு ட்ரம்ஸ்காரன் வந்தான். மத்தியானமே ஊசி போட்டிருந்தான். நிறைந்த மண்டபத்தைப் பார்த்தான், கதிரையில் நெளிகிற குழந்தைகளைப் பார்த்தான், ஜக்கெட்டைக் கழற்றினான்.

"என்ன செய்யப் போறாய்?"

"வந்த பிள்ளையளைச் சும்மா இருத்திறதோ? கொஞ்சம் தட்டுறன்."

"கையை மிச்சம் பிடி. ஏழு பாட்டுக்குத்தான் காணும் எண்டு நீதானே சொன்னனி."

"ஆட்கள் எழும்பிப் போனால் ஏழாவதை ஆருக்கு வாசிக்கிறது?"

 அவன் இருந்து பைலா ஆட்டத் தாளம் அடித்தான். பிறகு ஊர்த் திருவிழாத் தாளம் ஒன்று. பிறகு என்னவென்றே தெரியாத ஒன்று. பிள்ளைகள் கதிரைகளை ஓரத்தில் இழுத்துவிட்டு ஆடத் தொடங்கினார்கள். நான் பேஸை மாட்டிக்கொண்டு அவனோடு சேர்ந்தேன். அவனுக்கு ஓய்வு கொடுக்க இடையிடையே நான் மட்டும் வாசித்தேன். அவன் ஓயவில்லை. சிரித்துக்கொண்டே அடித்தான். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ காலம்.  ஒவ்வொரு அடியும் ஏழாவது பாட்டிலிருந்து எடுத்துச் செலவழிக்கிற அடி.

ஆறே முக்காலுக்குப் பாடகன் கோயில் பாடகர் குழுவின் வெள்ளைச் சட்டையோடு கிற்றாரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. உடனே முதல் பாட்டை எடுத்தோம். குரல் கொஞ்சம் தடித்திருந்தது, மற்றபடி அவனேதான். இரண்டாவது பாட்டுக்குள் பிள்ளைகள் கூடப் பாடினார்கள். அப்பாமாரின் கார்களில் பின்சீற்றில் இருந்து கேட்டதெல்லாம் வாயில் இருந்தது. மூன்றாவதில் பெரியவர்கள் வரத் தொடங்கினார்கள். நான் போட்ட கணக்கு அவர்கள் விசயத்தில் துல்லியம். பட்டுச்சேலைகள், கோட்டுகள், "தொடங்கீற்றினமோ?" என்ற கேள்விகள், "தள்ளி இருங்கோ பிள்ளை" என்ற இழுபறிகள். ஐந்தாவதில் நான் மின்விளக்குகளை அண்ணாந்து பார்த்தேன். எரிந்துகொண்டுதான் இருந்தன.

ஆறாவதில் ட்ரம்ஸ்காரனுடைய வலது கைக் குச்சி விழுந்தது. எடுத்தான். மறுபடி விழுந்தது. இடது கையால் சமாளித்து முடித்தான். முகம் வெளுத்துப் போயிருந்தது. பாடகன் திரும்பிப் பார்த்தான், நானும் பார்த்தேன். ட்ரம்ஸ்காரன் கண்ணால் போ என்றான்.

ஏழாவதின் முதல் பாதிக்கு அதிகம் வேலை இல்லை. பனி விழுகிற மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக அடித்தால் போதும். மண்டபம் அடங்கிவிட்டது. பெரியவர்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். எந்த வண்டியும் எனக்கில்லை என்று பாடகன் இழுத்தான். அந்த இடத்துக்கு வந்ததும், கடைக்கார அண்ணையின் நாடா முடிந்த அந்தச் சொல்லுக்கு வந்ததும், எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். எங்கள் கைகள் இன்னும் நரம்பில் இருந்தன. அவர்களுக்குப் பாட்டு முடிந்துவிட்டது. அவர்கள் அறிந்த முடிவு அதுதான். சிலர் ஜக்கெட்டைத் தேடினார்கள், சிலர் பின்னால் சிற்றுண்டி மேசையில் றோல்ஸ் எடுக்கப் போனார்கள்.

நான் ட்ரம்ஸ்காரனைப் பார்த்தேன். இரண்டாம் பாதி அவனுடையது. இடிபோல் அவன்தான் திறந்துவிடவேண்டும். குச்சிகள் மடியில் கிடந்தன. வலது கை தொடைமேல் செத்தது மாதிரிக் கிடந்தது.

"ஏலாது மச்சான்" என்றான்.

எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ரயில் மேல், அந்த ஐந்து மணி மேல், கைதட்டுகிறவர்கள் மேல். இப்படியே குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு இறங்கலாம். யாரும் குறை சொல்லமாட்டார்கள். நல்லாய் அழவைத்தீர்கள் என்று கையைப் பிடிப்பார்கள். பாடகன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு அசையாமல் நின்றான்.

அப்போது கீழே பெரிய ட்ரம் ஒருமுறை அதிர்ந்தது. பிறகு ஒருமுறை. அவன் கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டு காலால் மட்டும் மிதித்துக்கொண்டிருந்தான். நாங்கள் செய்து வைத்த வேகத்தில் பாதிகூட இல்லை. ஒரு ஆள் நடக்கிற வேகம்.

நான் பேஸால் அந்த நடையைப் பிடித்தேன். பாடகன் கிற்றாரைத் தொடவில்லை, வாயால் மட்டும் பாடினான். நீ என்ன என்னை ஏற்றாமல் விடுவது என்று முதல் வரி வந்ததும் கைதட்டல் குழம்பி நின்றது. றோல்ஸைக் கடித்த வாயோடு ஆட்கள் திரும்பினார்கள். ஏற்றத்தில் பேருந்து சறுக்குகிற வரியில் இளம்பெடியன் ஒருவன் சிரித்தான். கைக்குட்டையோடு நின்ற ஒரு அக்கா அவனை முறைத்தா, அடுத்த வரிக்கு அவவே சிரித்துவிட்டா. அந்த மண்டபத்தில் அப்போது இருந்தவர்களில் அநேகர் ஒரு காலத்தில் அந்தத் தரிப்பிடத்தில் நின்றவர்கள், அல்லது நின்றவர்களின் பிள்ளைகள். நடக்கிறவன் பேருந்தை எட்டிப்பிடித்தான், ஓட்டுநரின் கண்ணாடியில் தட்டினான், முந்திக்கொண்டு போனான். கடைசி வரி போனது. பெரிய ட்ரம் இன்னும் நாலைந்து அடி நடந்து நின்றது.

ஒருவரும் கைதட்டவில்லை. எங்கே முடிகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. இந்தப் பாதியை யாரும் கேட்டதில்லை. எல்லோரும் அப்படியே நின்றார்கள், இன்னும் வரும் என்று. பாடகன் சிரித்தபடி கண்ணைத் துடைத்தான். முன்வரிசைப் பெண்பிள்ளை மேடையை எட்டிப் பார்த்து, தாழ்ந்த குரலில் ட்ரம்ஸ்காரனிடம் கேட்டாள்.

"மாமா, முடிஞ்சுதோ?"

அவன் காலை மிதிகட்டையிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தான்.

"ஓம் பிள்ளை" என்றான். "முடிஞ்சுது."